பார்க் ஸ்டேஷன் இருக்கிறது, பார்க் எங்கே?

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே உள்ள மின்ரயில் நிலையத்துக்கு ஏன் ‘பார்க்’ என்று பெயர் வந்தது, அங்கே பூங்கா எதையும் காணோமே, பாட்டி அடிக்கடி சொல்லும் ‘உயிர் காலேஜ்’ என்ற விலங்குக் காட்சிசாலை அந்தப் பக்கத்தில்தான் இருந்ததா என்று கேட்டிருந்தீர்கள். பாட்டி சொல்வது முழுக்க உண்மை. நான் அதற்குப் பக்கத்துச் சூளைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவன். நீங்கள் கேட்கும் பூங்காவின் கடைசிக் காலத்தைக் கண்ணால் பார்த்தவன். அதற்கு முந்திய காலத்தைப் படித்தும் பெரியவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவன். ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைக் கண்முன் கொண்டுவந்துவிடலாம். பார்க் நிலையத்திலிருந்து வெளியே வந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்தால் எதிரே வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை நிற்கிறது. அதற்கு வலப்புறம் செங்கல் நிறத்தில் விக்டோரியா பொது மண்டபம், அதையடுத்துப் புறநகர் ரயில்களுக்கான மூர் மார்க்கெட் வளாகம், பின்னால் அல்லிக்குளம் வணிக வளாகமும் நேரு விளையாட்டரங்கமும், மேற்கு ஓரத்தில் மைலேடி பூங்கா. இவை அத்தனையும் தனித்தனி இடங்கள் என்றுதான் இன்றைக்கு நினைக்கத் தோன்றும். உண்மையில் இவை எல்லாம் 116 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடந்த ஒரே பூங்காவின் துண்டுகள். அந்தப் பூங்காவின் பெயர் பீப்பிள்ஸ் பார்க். நிலையத்துக்கும், அதைச் சுற்றியுள்ள பார்க் டவுனுக்கும், 1995-இல் பறக்கும் ரயில் வந்தபோது திறக்கப்பட்ட பூங்கா நகர் நிலையத்துக்கும் பெயர் கொடுத்தது அதுதான்.

1859-இல் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரவெல்யன்தான் இதற்கு வித்திட்டவர். அவர் இங்கே ஓராண்டுக்குச் சற்று மேல்தான் பதவியில் இருந்தார். இந்திய அரசு கொண்டுவர இருந்த வருமான வரியை எதிர்த்து, தன் கருத்தைப் பகிரங்கமாக வெளியிட்டதற்காக 1860-இல் திருப்பி அழைக்கப்பட்டுவிட்டார். அந்தக் குறுகிய காலத்துக்குள் அவர் கண்ணில் பட்டது, அன்றைக்குக் கறுப்பர் நகரம் என்று அழைக்கப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனின் நெரிசல். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரருக்கும் ஹைதர் அலிக்கும் அஞ்சி எழுப்பிய மதில் அந்த நகரத்தின் மேற்கே நின்றிருந்தது. அதன் நினைவுதான் இன்றும் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்டாக்ஸ் சாலை. மதிலுக்கு உள்ளே வீட்டோடு வீடு ஒட்டி, காற்றும் வெளிச்சமும் குறைந்த தெருக்கள். மதிலுக்கு வெளியே மேற்கில் நீர் தேங்கும் தாழ்வான வெற்று நிலம். அந்த நிலத்தை மரமும் குளமும் நடைபாதையுமாக மாற்றி, நகரத்து மக்கள் மாலையில் வந்து காற்று வாங்க வழி செய்யலாம் என்பது அவருடைய எண்ணம். தாழ்ந்த நிலம் என்பதால் அங்கங்கே குளங்கள் வெட்டப்பட்டன. பதினொரு குளங்கள் இருந்தன என்பது பழைய வருணனைகளில் வரும் கணக்கு. பாண்டு வாசிக்க ஒரு மேடையும் இருந்தது. பெயரிலேயே ‘மக்களுடையது’ என்று சொல்லி ஒரு பூங்காவை அந்தக் காலத்து ஆட்சியாளர் ஒருவர் அமைத்தார் என்பதை நான் சிறிய செய்தியாக நினைக்கவில்லை. டிரவெல்யன் நினைவாக எழுப்பிய நீரூற்று விக்டோரியா மண்டப வளாகத்தில் இன்னும் நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் அந்த வழியாகப் போகிறவர்களுக்கும் அது யாருடைய நினைவு என்று தெரிவதில்லை.

இனி உங்கள் பாட்டியின் உயிர் காலேஜ். சென்னை அருங்காட்சியகத்தைத் தொடங்கிய மருத்துவர் எட்வர்ட் பால்ஃபோர், உயிருள்ள விலங்குகளையும் வைத்தால் பார்வையாளர் பெருகுவார்கள் என்று கண்டு, 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குக் காட்சியைத் தொடங்கினார். ஆர்க்காட்டு நவாபின் விலங்குகளையும் கேட்டு வாங்கிச் சேர்த்தார். இந்தியாவின் மிகப் பழைய விலங்குக் காட்சிகளில் ஒன்று இப்படித்தான் பிறந்தது. சில ஆண்டுகளில் எண்ணிக்கை பெருகி அங்கே இடம் போதாமல் போகவே, 1860-களின் தொடக்கத்தில் விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க்குக்கு வந்தன. பராமரிப்பு நகராட்சியின் கைக்கு வந்தது. அருங்காட்சியகம் 1851-இல் முதன்முதலில் இயங்கியது நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்த கட்டடத்தில். அதனால்தான் சனங்கள் அதைக் ‘காலேஜ்’ என்றே அழைக்கத் தொடங்கினார்கள் என்று விளக்கம் சொல்வதுண்டு. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. உயிருள்ள விலங்குகள் தனியே பிரிந்து போனதும், பஞ்சடைத்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் இருந்த எழும்பூர் செத்த காலேஜ் ஆயிற்று. பீப்பிள்ஸ் பார்க் உயிர் காலேஜ் ஆயிற்று. செங்கற்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காணும் பொங்கலுக்குப் பட்டணம் பார்க்க வருகிறவர்கள் செத்த காலேஜ், உயிர் காலேஜ், கடற்கரை என்று இந்த மூன்றையும் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டார்கள்.

நான் முதன்முதலில் அங்கே போனது எனக்கு எட்டு வயதிருக்கும்போது. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். பார்வைக்கு முன்பே வாசனை வந்துவிடும்: ஈர வைக்கோல், யானைச் சாணம், கூண்டைக் கழுவிவிட்ட ஃபினாயில் எல்லாம் கலந்த ஒரு நெடி. கூண்டுகள் சிறியவை. கம்பிக்கும் சிங்கத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி குழந்தைகளுக்கு அச்சம் தரும் அளவுக்குக் குறுகலாக இருந்தது. அது அந்த விலங்குகளுக்கு எவ்வளவு கொடுமை என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் சூளை, பெரியமேடு வாசிகளுக்கு அந்தப் பூங்கா பார்க்கப் போகும் இடம் மட்டுமல்ல. காதில் விழும் இடம். விடியற்காலையில், முதல் ரயிலின் ஊதலுக்கும் முன்னால், சிங்கத்தின் கர்ஜனை கூரைகளைத் தாண்டி வரும். வெளியூரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கிய உறவினர்கள் திடுக்கிட்டு எழுந்து உட்காருவதும், என் அம்மா அடுப்படியிலிருந்தே “அது உயிர் காலேஜுச் சிங்கம், படுங்க” என்று சொல்வதும் வழக்கம்.

அந்தக் கர்ஜனை நின்றுபோன காலம் ஒன்றும் உண்டு. அதை என் தந்தையின் தலைமுறை மறக்கவே இல்லை. 1942 ஏப்ரல் மாதம். ஜப்பானிய விமானங்கள் ஐந்தாம் தேதி கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசின. அடுத்தது சென்னைதான் என்ற பீதியில் நகரமே காலியாயிற்று. அரசு அலுவலகங்களே வெளியூர்களுக்கு மாற்றப்பட்டன. குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிடுமே என்ற கவலையில், ஆபத்தானவை என்று கருதப்பட்ட விலங்குகளைச் சுட்டுவிட ஆணை பிறந்தது. மலபார் சிறப்புக் காவல் படையினர் வந்து அதை நிறைவேற்றினார்கள். கூண்டுக்குள் நின்ற விலங்குகளைக் கூண்டுக்கு வெளியே நின்று சுட்டார்கள். ஊரைவிட்டுப் போகாமல் தங்கியிருந்த சிலரில் என் தந்தையும் ஒருவர். துப்பாக்கிச் சத்தத்தைவிட அதற்குப் பிந்திய விடியல்களின் அமைதிதான் தன்னை வாட்டியது என்று அவர் சொல்வார். அஞ்சியபடி அந்தக் குண்டுவீச்சு நடக்கவில்லை. போனவர்கள் திரும்பினார்கள், காலப்போக்கில் கூண்டுகளும் மீண்டும் நிறைந்தன.

இதைவிடப் பெரிய துயரம் ஒன்று அந்த மண்ணில் நடந்திருக்கிறது. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டிப் பூங்காவில் கண்காட்சிச் சந்தை கூடும். 1886 டிசம்பர் 31 அன்று, ஓலையாலும் மூங்கிலாலும் எழுப்பியிருந்த கடைகளில் தீப்பற்றி, கூட்டத்தில் சிக்கிய நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதற்குப் பிறகும் பூங்காவில் சந்தைகள் கூடத்தான் செய்தன. ஆயினும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ‘பார்க் ஃபேர்’ என்று சொல்லும்போதெல்லாம் ஓலைப்பந்தலுக்குக் கீழே நிற்காதே என்று பிள்ளைகளை எச்சரிப்பார்கள். என் சிறுவயதில் அந்த எச்சரிக்கைக்குக் காரணம் தெரியவில்லை. பின்னாளில் அந்தத் தேதியைப் படித்தபோதுதான், ஏறத்தாழ எண்பது ஆண்டுக்கு முந்திய தீ ஒன்று வாய்மொழியாகவே எங்கள் தெரு வரைக்கும் வந்திருந்தது என்று புரிந்தது.

சரி, இவ்வளவு பெரிய பூங்கா எப்படிக் காணாமல் போயிற்று? யாரோ ஒருவர் ஒரே நாளில் அபகரித்துவிடவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதன் ஒவ்வொரு துண்டும் ஒரு நல்ல காரியத்துக்காகவே கொடுக்கப்பட்டது. அந்தக் காரியங்கள் எல்லாமே மக்களுக்கானவைதான். அதனாலேயே யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. நகரத்துக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று 1883-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பூங்காவின் தென்கிழக்கு மூலையில் மூன்று ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலம் குத்தகைக்கு விடப்பட்டது. ராபர்ட் சிஷோம் வரைந்த திட்டத்தில் நம்பெருமாள் செட்டியார் கட்டி எழுப்பிய அந்த மண்டபத்துக்கு, 1887-இல் பொன்விழாக் கண்ட விக்டோரியா அரசியின் பெயர் வைக்கப்பட்டது. சென்னையில் முதல் சலனப்படக் காட்சி நடந்ததும், பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்கள் போட்டதும் அங்கேதான். பிறகு மாநகராட்சிக்குச் சொந்தக் கட்டடம் வேண்டியிருந்தது. 1909-இல் அடிக்கல் நாட்டி, லோகநாத முதலியார் ஏழரை லட்சம் ரூபாய்ச் செலவில் கட்டி முடிக்க, 1913 நவம்பரில் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. உள்ளாட்சிக்கு வழிவகுத்த ரிப்பன் பிரபுவின் பெயரிலான கட்டடம் மக்கள் பூங்காவின் மண்ணில் நிற்பது ஒருவகையில் பொருத்தம்தான். அந்த மாளிகையின் கோபுரக் கடிகாரத்தைப் பார்த்தே பள்ளிக்கு ஓடியவன் நான்; அது அங்கே இருக்கக் கூடாது என்று சொல்ல என் மனம் ஒப்பாது.

மூர் மார்க்கெட்டைப் பற்றி மட்டும் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். பாப்ஹாம்ஸ் பிராட்வேயில் இருந்த பழைய சந்தை சுகாதாரக் கேடாக மாறியதால், மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898-இல் பூங்காவுக்குள் புதிய சந்தைக்கு அடிக்கல் நாட்டினார். 1900-இல் அது திறக்கப்பட்டது. நடுவே முற்றமும் நாற்புறமும் வளைவுத் தாழ்வாரங்களுமாக அமைந்த செங்கல் கட்டடம். காய்கறி, இறைச்சி, பூ என்றுதான் தொடங்கியது. நாளடைவில் கிளியும் முயலும் வண்ண மீனும் விற்கும் கடைகள், பழைய கிராமபோன் தட்டுகள், உடைந்த கடிகாரங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய புத்தகங்கள் என்று அது வேறு உலகமாக மாறிவிட்டது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் பழைய பாடப்புத்தகம் வாங்க அங்கேதான் போவோம். நான் எட்டாம் வகுப்பில் வாங்கிய பூகோளப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மூன்று பெயர்கள் எழுதி அடிக்கப்பட்டிருந்தன. கடைசிப் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதிக்கொண்டேன். கடைக்காரர் சொல்லும் விலையில் பாதியிலிருந்து பேரம் தொடங்க வேண்டும் என்பதையும், விரும்பிய புத்தகத்தின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு பேரம் பேசக் கூடாது என்பதையும் என் தந்தை கற்றுக்கொடுத்ததும் அந்தத் தாழ்வாரத்தில்தான். பேராசிரியர்களுக்கு அங்கே தனி மரியாதை இருந்தது. இன்னாருக்கு இன்ன துறை என்று நினைவில் வைத்து, வரும் புத்தகத்தை எடுத்து ஓரமாக வைத்திருப்பார்கள், தாங்கள் எழுதப் படிக்கத் தெரியாத கடைக்காரர்கள்கூட.

விளையாட்டரங்கத்தின் கதையையும் விட்டுவிட முடியாது. பூங்காவின் நடுப்பகுதியில் எழுந்த மாநகராட்சி விளையாட்டரங்கில் 1956-க்கும் 1965-க்கும் இடையே ஒன்பது டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்தன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் நாள் முழுவதும் விக்கெட்டே விழாமல் ஆடி, முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்தது அங்கேதான். தொடக்க ஜோடிக்கான அந்த உலகச் சாதனை 2008 வரை, ஐம்பத்திரண்டு ஆண்டுகள் அசையாமல் இருந்தது. இன்றைய நேரு விளையாட்டரங்கம் 1993-இல் புதிதாகக் கட்டப்பட்டது.

பூங்காவின் முடிவு 1985-இல் வந்தது. நெரிசலும் இரைச்சலும் புகையும் சூழ்ந்த இடத்தில் விலங்குகளை வைத்திருக்க முடியாது என்பது எப்போதோ தெளிவாகிவிட்டிருந்தது. வண்டலூர்க் காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டு, 1979 முதல் அங்கே பணிகள் நடந்துவந்தன. பீப்பிள்ஸ் பார்க் முழுவதையும் பத்து முறைக்கு மேல் அதற்குள் அடக்கிவிடலாம். விலங்குகளின் நன்மையை நினைத்தால் அதைவிடச் சரியான முடிவு இல்லை. மூர் மார்க்கெட் நிலத்தையோ ரயில் நிலைய விரிவாக்கத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வியாபாரிகள் போக மறுத்துக்கொண்டிருந்தார்கள். 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அன்று மாலை நான் அங்கே போய் நின்றேன். செங்கல் வளைவுகள் கரிபிடித்து நின்றன. நனைந்த சாம்பலுக்குள் ஓரம் கருகிய தாள்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன, சிலவற்றில் எழுத்துகளைப் படிக்கக்கூட முடிந்தது. பக்கத்தில் ஒரு கடைக்காரர் குந்தி உட்கார்ந்து, கையால் சாம்பலை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 24-இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. சிங்கத்தின் குரலும் பழைய புத்தக மணமும் ஒரே கோடையில் எங்கள் வட்டாரத்தைவிட்டுப் போயின.

பிறகு நடந்ததெல்லாம் மிச்சத்தைப் பங்கிட்ட கதைதான். எரிந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் எழுந்தது. கடைக்காரர்களுக்கு மாற்றிடம் கொடுக்க, பூங்காவின் குளங்களில் ஒன்றான அல்லிக்குளம் தூர்க்கப்பட்டு அதன்மேல் வணிக வளாகம் கட்டப்பட்டது. அண்மைக் காலத்தில் மெட்ரோ ரயிலும் அந்த வட்டாரத்துக்கு அடியில் வந்து சேர்ந்தது. ஒரு பூங்காவைக் ‘காலி இடம்’ என்று கருதும் கண்ணோட்டம்தான் இத்தனைக்கும் வேர் என்பது என் முடிவு. குளம் காலி இடமல்ல. தாழ்ந்த நிலத்தில் வெட்டிய அந்தப் பதினொரு குளங்களும் மழைநீர் போய்ச் சேரும் இடங்களாக இருந்தன. பெருமழை நாளில் சென்ட்ரல் முகப்பில் முழங்கால் அளவு நீரில் நடந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் பாட்டியால் நடக்க முடியுமானால் ஒருநாள் காலை வெயில் ஏறும் முன் அவரை அங்கே அழைத்துப் போங்கள். புறநகர் முனையத்தின் முன்னால் மூர் மார்க்கெட்டின் சிறிய மாதிரி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அதை முதலில் காட்டுங்கள். உள்ளே அறிவிப்புப் பலகையில் ‘எம்.எம்.சி.’ என்று வரும் மூன்று எழுத்தும் மூர் மார்க்கெட் வளாகம்தான் என்று சொல்லுங்கள். அங்கிருந்து டிரவெல்யன் நீரூற்றைப் பார்த்துவிட்டு, ரிப்பன் மாளிகையைக் கடந்து, சைடன்ஹாம்ஸ் சாலையாக இருந்து இன்றைக்கு ராஜா முத்தையா சாலை ஆகிவிட்ட சாலை வழியாக மைலேடி பூங்காவுக்கு வந்துவிடலாம். ஒரு காலத்தில் மலர்க்கண்காட்சிக்குப் பேர்போன அந்தச் சிறிய தோட்டம்தான் பீப்பிள்ஸ் பார்க்கில் இன்னும் பூங்காவாகவே எஞ்சியிருக்கும் துண்டு. அங்கே நிழலான பெஞ்சு ஒன்றில் பாட்டியை உட்காரவைத்து, யானை எந்தப் பக்கம் நின்றது, சிங்கக் கூண்டுக்கு எந்த வழியாகப் போனார்கள் என்று கேட்டு, அவர் கை நீட்டும் திசையை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்.